ஆறாவது மருந்து

பதினோரு நாள், பதினேழு மணி நேரம், முப்பது நிமிடம். ஹேமநாத்தின் செல்போனில் அந்தக் கணக்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஆரஞ்சு நிறப் பட்டையில் ‘உங்கள் சரிபார்ப்பு நிலுவையில் உள்ளது’ என்று இருந்தது. பட்டை பச்சையானால் வண்டி ஓட்டலாம். சிவப்பானால் ஒரு வருடத்துக்கு ஓட்ட முடியாது.

வியாழக்கிழமை காலை, மணி ஐந்து நாற்பது. சேவூரில் அவர்கள் தெருமுனையில் அவனுடைய வேன் நின்றது. முன்கண்ணாடியில் பனி படிந்திருந்தது. பின்கதவில் மஞ்சள் பெயின்ட்டில் ‘விசேஷங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும்’ என்றும், அதன் அடியில் உள்ளங்கை உயர எழுத்தில் அவனுடைய நம்பரும் எழுதியிருந்தது. கடைசி நான்கும் ஏழு. தெருவில் தறி நெய்கிற எல்லா வீட்டுக்கும் அந்த நம்பர் மனப்பாடம்.

பிரின்ஸின் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. பன்னிரண்டு நாளுக்கு முன்புவரை அந்த டிரிப்பை ஓட்டியவன் ஹேமநாத். சேவூரிலும் ஆரணியிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி கேட்டில் ஏழு மணிக்குள் இறக்கிவிட வேண்டும். அவன் மனைவி ஜெயப்ரியாவும் அங்கேதான் வேலை செய்கிறாள். சோல் ஒட்டுகிற பிரஸ் மிஷினில். ஆறு வருடமாக டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். இப்போது பிரின்ஸின் வண்டியில் கடைசி வரிசை.

அவள் வாசலுக்குள் நின்று ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ரத்தத்துக்கு என்று கல்யாணமான நாளிலிருந்து போட்டுக்கொள்கிற மாத்திரை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினாள்.

“ஆபீஸ்ல போய் கத்தாதீங்க. அந்தப் பொண்ணு இன்னா பண்ணும், பாவம்.”

“கத்தாம? பூ குடுத்துக் கேக்கவா?”

பிரின்ஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “ஹேமண்ணா, இன்னும் ஆரஞ்சா?”

“ஆமா.”

“எனக்கு ஒரே நாள்ல பச்சையாச்சே.”

“நீ குடுத்து வச்சவன். போ, ஜல்தி போ. ஏழு தாண்டினா அவங்களுக்கு அர நாள் சம்பளம் கட்டு.”

வண்டி போனது. செல்போனில் முப்பது நிமிடம் முப்பத்திரண்டு ஆகியிருந்தது.

*

பவுல்துரையின் டிராவல்ஸ் ஆபீஸ் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. பவுல்துரைக்கு ஷூ கம்பெனியோடு ஒப்பந்தம். பதினான்கு வேன்கள் அவர் பெயரில் ஓடின. ஹேமநாத்தைப் போலச் சொந்த வண்டி வைத்திருந்தவர்களும் அவர் மூலமாகத்தான் ஓட்டினார்கள். இனிமேல் டிரைவர்களைச் சரிபார்க்கிற ஆப்பில் பச்சை வாங்கியவரை மட்டும்தான் கேட்டுக்குள் விடுவோம் என்று கம்பெனி எழுதி அனுப்பியிருந்தது.

இரண்டு சனிக்கிழமைகளுக்கு முன்பு ஆபீஸில் பதினான்கு டிரைவர்களும் வரிசையில் நின்றார்கள். கம்ப்யூட்டர் பார்க்கிற ஜெபராணி ஒவ்வொருவர் செல்போனையும் வாங்கி ஆப்பை ஏற்றினாள். அது கேட்டுக்கொண்டே இருந்தது. இருப்பிடம், தொடர்பு எண்கள், மெசேஜ், கேமரா, மைக், இதர சேவைகளில் உள்ள தகவல்கள். “எல்லாத்துக்கும் அலவ் குடுங்கண்ணா, லஞ்சுக்குள்ள முடிக்கணும்” என்றாள். ஹேமநாத் கொடுத்தான். கடைசி ஒன்றிரண்டை அவளே அழுத்தினாள். அப்போது மணி பன்னிரண்டு பத்து.

இன்று அவனைப் பார்த்ததும் அவளே நாற்காலியைக் காட்டினாள்.

“மெயில் வந்துகீதுண்ணா. டிரைவருக்குக் காட்டக்கூடாதுன்னு போட்டுக்கீறாங்க. நீங்க எட்டாவது வாட்டி படியேறி வரீங்க. எனக்கே கஷ்டமா கீது.” கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

மேலே அவன் படம். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘உடல்நல ஆபத்து: மிக அதிகம்’.

“எனக்கா? ஜுரத்துக்குக் கூட நான் ஊசி போட்டுக்கினதில்லம்மா.”

“நீங்க மருந்து வாங்கினத வச்சி போட்டுக்கீறாங்க. முப்பத்தொரு மாசமா, ஆறு மருந்து.” அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். “சுகர். பிரஷர். வீசிங்குக்கு வாயில அடிச்சிக்கிற பஃப். கண்ணுக்கு சொட்டு மருந்து. அஞ்சாவது…” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “மாசமா இருக்கறவங்களுக்குக் குடுக்கற இரும்புச்சத்து. ரெண்டு மாசமா வாங்கிகினு கீறீங்க.”

“நான் எப்பம்மா மாசமானேன்?”

“அத சிஸ்டம் தப்பா எடுத்துக்கலண்ணா. ஆம்பள பேர்ல வந்தா வூட்டு ஆளுங்களுதுன்னு உட்டுடும். மத்ததுக்கும் கொஞ்சம் கொஞ்சம் மார்க்குதான் கொறயும். ஆறாவதுதான் பேஜார்.”

“இன்னா அது?”

“ஃபிட்ஸ் மாத்திர. வலிப்புக்கு. மாசம் அறுபது. ஒரு மாசம் விட்டதில்ல. ஒம்பதாம் தேதி, இல்லன்னா பத்தாம் தேதி.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “டிரைவருக்கு இது வந்தா நேரா ரெட்டுதான். உங்க மேல ஒரு ஆக்சிடென்ட் கூட இல்ல, அதனால ஆரஞ்சுல நிக்குது.”

ஹேமநாத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

பஸ் ஸ்டாண்டு ரோட்டில் பெரிய மருந்துக்கடை திறந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. செல் நம்பர் சொன்னால் தள்ளுபடி. புது நம்பருக்கு மூன்று சதவீதம்; நிறைய வாங்கிய நம்பருக்குப் பதினைந்து. பக்கத்து வீட்டு தனகோடி ஒருநாள் செல்போனை மறந்து போனபோது வேனின் பின்னால் இருந்த நம்பரைச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் அவர் மனைவி சொன்னாள். பிறகு எதிர்வீடு. ஹேமநாத்தின் நம்பர் மூன்றே மாதத்தில் பதினைந்துக்கு ஏறியது. தெருவே அந்த நம்பரைச் சொல்லி மருந்து வாங்கியது. “ஹேமு புண்ணியத்துல” என்று சொல்லும்போது அவனுக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

“எங்க தெருவுக்கே அந்த நம்பர்தாம்மா,” என்றான்.

ஜெபராணி தலையில் கை வைத்தாள். “ஐயோ அண்ணா.”

“டாக்டர்கிட்ட போய் எனக்கு வலிப்பு இல்லன்னு சர்டிபிகேட் வாங்கியாரேன். ஏத்திடு.”

“ஏத்த எடமில்லண்ணா. ‘இந்த மருந்து யாருடையது’ன்னு மட்டுந்தான் கேக்குது. அந்தந்த ஆளு ஆதார், ஃபோட்டோ, செல் நம்பர் குடுத்து, வாயால ‘இது என்னுது’ன்னு சொல்லணும். ரெக்கார்டு ஆவும். பதினஞ்சு நாளுக்குள்ள. ஞாயித்துக்கெழம பன்னண்டு பத்தோட முடியுது.”

அவள் தேதிகள் இருந்த பத்தியை மேலும் கீழும் உருட்டினாள். ஒன்பது, பத்து, ஒன்பது, ஒன்பது. தெருவில் நெசவுக்காரர்களுக்குச் சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. அதற்குத் தேதி கிடையாது. ஷூ கம்பெனியில் சம்பளம் எட்டாம் தேதி.

“அண்ணா, உங்க வூட்ல யாருக்காச்சும்…”

“எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணுங் கெடயாது.”

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

*

மருந்துக்கடை கவுன்ட்டரில் அருள்தாஸ் இருந்தார். ஐம்பது வயது. சட்டைப் பையில் கடையின் பெயர் தைத்திருந்தது. ஹேமநாத் நம்பரைச் சொன்னதும் சிரித்தார்.

“எங்க நம்பர் ஒன் கஸ்டமராச்சே. சொல்லுங்க சார்.”

“என் நம்பர்ல ஃபிட்ஸ் மாத்திர யார் வாங்கறாங்க?”

அருள்தாஸின் சிரிப்பு நின்றது. அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். “அத சொல்லக்கூடாது சார்.”

“என் நம்பருங்க.”

“நம்பர் உங்களுது. வந்து வாங்கற ஆளு வேற இல்ல? அவங்க நோவ நான் வெளிய சொன்னா என் வேல பூடும். ரூல்ஸ் அப்டி. பிரைவசி.”

“அந்த ஆப்காரனுக்கு மட்டும் சொன்னீங்களே?”

“நாங்க எங்க சொன்னோம்? அது சிஸ்டத்துலர்ந்து தானா போவுது. பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கும் பாருங்க.”

ஒரு பழைய பில்லைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில், கடுகைவிடப் பொடியான எழுத்து. ஹேமநாத் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஆங்கிலம். அவனால் ‘பார்ட்னர்ஸ்’ என்ற ஒரு சொல்லைத்தான் படிக்க முடிந்தது.

“மாத்திர வாங்க அவங்க வரச்சொல்ல நீங்களாச்சும் சொல்லுங்க சார். இந்த மாதிரி ஒரு டிரைவர் வேலயில்லாம நிக்கிறான்னு.”

“அவங்க இனிமே அடுத்த மாசந்தான் வருவாங்க,” என்றார் அருள்தாஸ். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல உடனே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வாசலில் நின்று ஹேமநாத் ஆப் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தான். இருபத்திரண்டு நிமிடம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் பேசினாள். “உங்க சிரமம் புரியுது சார். ஆனா சிஸ்டத்துல உங்களுக்கு வலிப்பு இருக்குன்னு நாங்க எங்கயும் சொல்லல சார். வாங்கியிருக்கீங்கன்னு மட்டுந்தான் இருக்கு.”

“அப்ப பச்ச குடுங்க.”

“அதுக்கு ஆறாவது மருந்து யாருதுன்னு வரணும் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

*

சாயங்காலம் தனகோடி தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். சுகரும் பிரஷரும் அவருடையவை. எதிர்வீட்டு கிருஷ்ணம்மாளுக்கு வீசிங். கெங்கம்மாளுக்குக் கண். கடைசி வீட்டு ஸ்வர்ணலதாவுக்கு இது ஐந்தாம் மாதம். நால்வரும் தனகோடி வீட்டுக் கூடத்தில், தறிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள். ஹேமநாத் செல்போனைத் தனகோடி முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

“கண்ண சிமிட்டச் சொல்லுது மாமா.”

சிமிட்டினார்.

“தலய வலப்பக்கம் திருப்பணுமாம். இப்ப எடப்பக்கம். வெளிச்சம் பத்தலியாம், மொதல்லர்ந்து.”

“கல்யாணம் பண்ணப்ப பொண்ணு வூட்டுக்காரங்க கூட என்ன இத்தினி பக்கம் திருப்பிப் பாக்கலடா,” என்றார் தனகோடி.

கெங்கம்மாளின் ஆதார் அட்டை மடிப்பில் கிழிந்திருந்ததால் மூன்று முறை படம் எடுக்க வேண்டியிருந்தது. கிருஷ்ணம்மாள் மட்டும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள். “என் மூஞ்சி எதுக்குடா அவனுக்கு? நான் இன்னா பஸ் ஓட்டப் போறனா?”

“எனக்கோசரம் அத்த. ஒரே வாட்டி.”

“ஒரே வாட்டின்னுதான் எல்லாரும் கேக்கறானுங்க.”

ஒவ்வொருவராகச் செல்போனுக்குள் தங்கள் பெயரையும் நோயையும் சொன்னார்கள். ஐந்து மருந்துகளுக்கு எதிரே டிக் விழுந்தது. ஆறாவதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அது நம்ம தெருவே இல்லடா. வேற எவனாச்சும் வண்டியப் பாத்து நம்பர் சொல்லியிருப்பான்,” என்றார் தனகோடி.

“எவனோ வலிப்பு வந்து இழுத்துகினு கெடக்கறவன் என் நம்பர்ல மாத்திர வாங்கித் துன்னுகினு கீறான் மாமா. அவன் நல்லா நடமாடுவான், நான் வூட்ல குந்திகினு கெடக்கணும். மருந்து துன்னத் தெரியுதில்ல, வந்து சொல்ல வாய் வராதா அவனுக்கு?”

“நோவுக்காரன திட்டாத.”

“திட்டாம கொஞ்சச் சொல்றியா? அப்டிப்பட்டத மறச்சிகினு ஊருக்குள்ள திரியறாங்க பாரு, அவங்கள இன்னா பண்ணாலும் தகும்.”

ஜெயப்ரியா சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வேன் வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை இருந்தது.

“எப்ப வந்த?” என்றான்.

“இப்பதான்.” அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “எங்களுக்கும் அந்த ஆப்பு வருதாம். எச்.ஆர்.ல சொன்னாங்க. அடுத்த மாசம் மிஷின்ல நிக்கிறவங்க எல்லாருக்கும்.”

“வரட்டும். உனக்கின்னா, ஒரே நாள்ல பச்சயாயிடும்,” என்றான் ஹேமநாத்.

*

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் தனகோடிக்கு முதல் போன் வந்தது. சர்க்கரைக்கு முழு உடல் பரிசோதனை, பாதி விலையில், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். நெய்துகொண்டிருந்தவர் ஊடுநூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி பேசினார். “எனக்கு சுகர்னு உனக்கு யாருப்பா சொன்னது?” என்று கேட்டார். அந்தப் பக்கம் அதைக் காதில் வாங்காமல் முகவரி கேட்டது.

மாலைக்குள் கெங்கம்மாளைக் கண் ஆஸ்பத்திரி ஒன்று மூன்று முறை கூப்பிட்டது. ஸ்வர்ணலதாவின் செல்போனில் குழந்தைகளுக்கான சோப்பும் டயப்பரும் வந்தபடி இருந்தன. அவள் மாமியாருக்கே இன்னும் ஐந்தாவது மாதம் என்று ஊரில் சொல்ல விருப்பமில்லை. முதல் இரண்டு கருவும் தங்கவில்லை.

கிருஷ்ணம்மாள் நேரே ஹேமநாத் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“ஏண்டா, ஒரே வாட்டின்ன. இப்ப எவனோ ‘கிருஷ்ணம்மாள் மேடம், உங்களுக்கு மூச்சு வாங்குதா’ன்றான். மேடமாம். எனக்கு மூச்சு வாங்கினா அவனுக்கு இன்னாடா?”

“கட் பண்ணிடு அத்த.”

“கட் பண்ணா வேற நம்பர்லர்ந்து பேசறான். உனக்கு நல்லது பண்ணப்போயி எனக்கு இன்னா கிரகசாரம் பாரு.”

சனிக்கிழமை மாலை ஹேமநாத் கிணற்றடியில் வேனின் கால்மிதிகளைக் கழுவினான். ஓடாத வண்டியில் மண் இல்லை. தண்ணீர் தெளிவாகவே வடிந்தது. ஜெயப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகும் சுடிதாரை அலசிக்கொண்டிருந்தாள்.

“உட்டுடலாங்க. ஸ்கூல் வண்டி ஏதாச்சும் பாருங்க,” என்றாள்.

“கேட்டுட்டேன். அவங்களும் இதே ஆப்புதான். கல்யாண வண்டி ஓட்டலாம்னா மாசத்துல நாலு நாளு. களம்பூர்ல ரைஸ் மில் லாரி கேட்டேன். அங்கயும் பச்ச இருக்குதான்றான். நான் எங்க போனாலும் எனக்கு முன்னாடி அது போய் உக்காந்துகினு கீது.”

அவள் சுடிதாரைப் பிழிந்தாள். பிழிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

“ஒருவேள அந்த ஆளு சொல்லிட்டாங்கன்னு வச்சிக்கங்க. அவங்க வேல செய்ற எடத்துல தெரிஞ்சா அவங்கள வச்சிப்பாங்களா?”

“அது அவன் பாடு. நான் எதுக்கு அதப் பத்திக் கவலப்படணும்? இந்த பதினாலு நாள்ல என்னப் பத்தி எவன் கவலப்பட்டான்?”

அவள் எழுந்து போய்க் கொடியில் சுடிதாரை உதறிப் போட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை தனகோடியின் பாவு. இரண்டு சேலைகளுக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிபோட்டு, கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே கைகொடுக்கும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

ஆறு மணிக்கு தனகோடி கயிற்றோடு தெருமுனைக்கு வந்தார். வழக்கமாக ஒரு முனையைக் கரன்ட் கம்பத்தில் கட்டுவார்கள். அவர் வேனைப் பார்த்தார்.

“ஹேமு, இதுலயே கட்டிக்கிறேன்டா. நிக்கிற வண்டிதான?”

அவர் பின்பக்க பம்பரில் கட்டினார்.

மாம்பழ நிறத்தில் பாவு விரிந்தது. வேனின் பின்கதவில் எழுதிய நம்பருக்கு அடியில் தொடங்கி, குறுக்காகக் கட்டிய மூங்கில் கால்களின் மேல் ஏறி, தெருவின் அந்தக் கோடிவரை. இருபக்கமும் இருபது பேர் நின்றார்கள். ஸ்வர்ணலதா குனியக்கூடாது என்று கஞ்சிக் குண்டானுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஜெயப்ரியா வேனுக்குப் பக்கத்தில், பாவுக்கு அந்தப் பக்கம் நின்று இழை பார்த்தாள். இந்தப் பக்கம் ஹேமநாத் கஞ்சி தடவினான். செல்போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதற்காக மூங்கில் காலின் மேல் வைத்திருந்தான்.

“மாப்ள, அது எங்கயும் ஓடிப்போவாது. கைய ஓட்டு,” என்றார் தனகோடி. சிலர் சிரித்தார்கள்.

ஏழரைக்கு செல்போன் அடித்தது. அவன் கையெல்லாம் கஞ்சி. புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

“வணக்கம், ஹேமநாத்.” மனிதக் குரல் இல்லை, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. “உங்கள் சரிபார்ப்பு இன்னும் நான்கு மணி நேரம் நாற்பது நிமிடத்தில் முடிவடையும். ஐந்து மருந்துகள் உறுதி செய்யப்பட்டுள்ளன. ஆறாவது மருந்துக்கு உரியவர் அருகில் இருந்தால், எண் ஒன்றை அழுத்தவும்.”

“அருகில் இருந்தால்,” என்றான் ஹேமநாத். தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்துக் கத்தினான். “கேட்டுக்குங்க! கடேசி வாட்டியா கேக்குது! யாருன்னு எனக்குத் தெரிய வேணாம். திட்டினது தப்புதான், கால்ல கூட உழறேன். வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. எங்க வூட்ல அடுப்பெரியணும்!”

யாரும் அசையவில்லை. கெங்கம்மாள் முடிபோட்டுக்கொண்டிருந்த இழையை விடாமல் பிடித்திருந்தாள்.

“எண் ஒன்றை அழுத்தவும்,” என்றது செல்போன்.

ஜெயப்ரியா குனிந்தாள். பாவின் அடியில் நுழைந்து, முதுகு நூலில் படாமல் தவழ்ந்து இந்தப் பக்கம் வந்து நிமிர்ந்தாள்.

“நீ ஏன் வர? அந்தப் பக்கம் இழ அறுந்துகினு கீது பாரு.”

அவள் வலது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒன்றை அழுத்தினாள்.

ஹேமநாத் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். “ஜெயா, இன்னா பண்ற? எவனுதையோ நீ ஒத்துக்கினா நாளைக்கு உன் வேலயும் பூடும். எனக்கோசரம் பொய் சொல்லாத.”

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“உங்கள் பெயரைச் சொல்லவும்.”

“ஜெயப்ரியா.”

“ஆதார் எண்ணைச் சொல்லவும்.”

பன்னிரண்டு எண்களையும் நிறுத்தாமல் சொன்னாள்.

“இந்த மருந்தை எந்த நோய்க்காக, எவ்வளவு காலமாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லவும்.”

அவள் செல்போனுக்கு மிக அருகில் குனிந்து உதட்டை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் நின்ற ஹேமநாத்துக்கே கேட்கவில்லை.

“மன்னிக்கவும். சரியாகப் பதிவாகவில்லை. பின்னணியில் இரைச்சல் அதிகமாக உள்ளது. சத்தமாகவும் தெளிவாகவும் சொல்லவும்.”

தனகோடி கையை உயர்த்தினார். கஞ்சி தடவும் தூரிகைகள் நின்றன. கோடி வீட்டில் யாரோ போய் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை நிறுத்தினார்கள். பாவின் இருபக்கமும் நின்றவர்கள் எல்லாரும் வேன் பக்கம் திரும்பியிருந்தார்கள். நூலிலிருந்து கஞ்சி சொட்டி செல்போன் திரையின் மேல் விழுந்தது. அதற்கடியில் நிமிடக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“சத்தமாகச் சொல்லவும்,” என்றது குரல்.

ஜெயப்ரியா நிமிர்ந்து நின்றாள்.

“எனக்கு வலிப்பு,” என்றாள், தெரு முழுக்கக் கேட்கும்படி. “பதினாறு வயசுலேர்ந்து.”